ஒரு ஜீப்பும் நாற்பது பக்க நோட்டும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. வருஷக் கணக்கு, ஆடிட், பையனோட பரீட்சை என்று ஏதாவது ஒரு சாக்கு. நீங்களும் யாரும் தேடின மாதிரி தெரியலை :-) இன்றைக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. மஸ்கட்டில் வெள்ளிதான் எங்களுக்கு ஞாயிறு. தங்கமணி தோசை ஊற்றிக்கொண்டிருக்க, நான் மூன்றாவதில் இருந்தேன். வாட்ஸப்பில் ஊரிலிருந்து ஒரு எக்செல் ஷீட் வந்து விழுந்தது. அனுப்பியது என் சிநேகிதனின் மகள். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம்.

"மாமா, நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய ஜீப்பை எடுத்து ரெடி பண்றோம். அப்பா பட்டறையிலதான் நிக்குது. பட்ஜெட் போட்டிருக்கேன். அப்பாவுக்கு இன்னும் காட்டலை, திட்டுவார். நீங்க பேங்க்ல இருக்கீங்கல்ல, பார்த்துச் சொல்லுங்க. காசு குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லமாட்டோம்."

பார்த்தேன். மொத்தம் 23 வரி. பெயின்ட், டயர், கேன்வாஸ் ஹூட், சீட்டு, முன்னால் கட்டுகிற எல்.இ.டி. லைட் பட்டை, பாட்டுப்பெட்டி எல்லாம் இருந்தது. 17-வது வரியில்: "பிரேக் வேலை - இப்போதைக்குப் பழசே போதும், அப்புறம் பார்க்கலாம் - 0".

அந்த சைபரைப் பார்த்ததும் எனக்குத் தோசை இறங்கவில்லை. ஏன் என்று சொல்ல 25 வருஷம் பின்னால் போக வேண்டும்.

வித்துரா என்றால் இன்றைக்குப் படித்த பிள்ளைகளுக்கு ஐசர் நினைவுக்கு வரும், 2008-ல் ஆரம்பித்த அந்த அறிவியல் கல்வி நிறுவனம். எங்கள் காலத்தில் அது பொன்முடிக்குப் போகிற பஸ் நின்று போகிற ஊர், அவ்வளவுதான். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு தாண்டி வந்தால் வித்துரா. அங்கிருந்து ஒரு பாதை கல்லாறு வழியாக 22 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பொன்முடிக்குப் போகும். இன்னொன்று போணக்காட்டுக்கு, அகத்தியர் மலைக்கு ஏறுகிறவர்கள் கிளம்புகிற இடம். இரண்டு பக்கமும் தேயிலை. தேயிலை இருக்கிற இடத்தில் நம்ம ஆட்கள் இருப்பார்கள் இல்லையா? திருநெல்வேலிப் பக்கமிருந்து தாத்தா பாட்டி காலத்திலேயே மலையேறி வந்தவர்கள். அப்படி ஒரு எஸ்டேட்டில் என் அப்பா கணக்கப்பிள்ளை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும்.

எக்செல் அனுப்பிய பெண்ணின் அப்பா இருக்கிறானே, அவன் லயத்துப் பையன். அவன் அம்மா கொழுந்து பறிக்கிறவர். அவர் பறித்த கொழுந்தின் எடையை நோட்டில் எழுதுகிறவர் என் அப்பா. எங்களுக்குள் அது ஒரு நாளும் பேச்சில் வந்ததில்லை. ஆனால் யார் பென்சில் பிடிப்பது என்று வந்தால் எல்லாரும் என் பக்கம்தான் திரும்புவார்கள். அதைச் சொல்லிவிட வேண்டும்.

1999 கடைசி. நான் பி.காம். இரண்டாம் வருஷம். எஸ்டேட் பேக்டரிக்குப் பின்னால் ஒரு மஹிந்திரா ஜீப்பு பத்து வருஷமாகக் கிடந்தது. நெற்றி உயர்ந்த பழைய மாடல். 'ஹரிகேன்' என்ற பெட்ரோல் எஞ்சின் உயரமானது என்பதால் பானெட்டையே தூக்கி வைத்து வில்லிஸ் கம்பெனிக்காரர்கள் செய்த டிசைன். பிறகு அதையே நம்ம நாட்டில் மஹிந்திரா பல வருஷம் செய்தார்கள். சீட்டு இருந்த இடத்தில் தொட்டாவாடி முளைத்திருந்தது. எஸ்டேட்டில் காயலான் விலைக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். 6,000 ரூபாய்.

நாங்கள் நாலு பேர். லயத்துச் சிநேகிதன் விடியற்காலையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்ச் சேர்த்த காசைப் போட்டான். தொளிக்கோட்டுக்காரன் ஒருத்தன், பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தான்; மிக்ஸி, ரேடியோ ரிப்பேர் பார்த்துச் சம்பாதித்தது அவன் பங்கு. மூன்றாவது ஆள் பி.எஸ்ஸி. பிசிக்ஸ், ட்யூஷன் வாத்தியார். நான் நெடுமங்காட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சாயங்காலம் கணக்கு எழுதினேன். ஜீப்பு விலை உட்பட மொத்தம் 14,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று திட்டம். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு 'ஜீப்புக் கணக்கு' என்று எழுதியது நான்தான்.

எங்களுக்கு இந்தக் கிறுக்கைப் பிடிக்க வைத்தவன் பிசிக்ஸ்காரன். பாளையம் பப்ளிக் லைப்ரரியில் உட்கார்ந்து அவன் படித்த கதை: 1955-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவரில் லண்டனிலிருந்து கிளம்பி, நம்ம நாட்டையும் கடந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருவரான டிம் ஸ்லெஸர் அதைப் புத்தகமாக எழுதினார். "அவங்களுக்குக் கம்பெனி வண்டி குடுத்துச்சு. நமக்கு எஸ்டேட் குடுக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பான். (அந்த இரண்டில் 'ஆக்ஸ்ஃபோர்டு' என்ற வண்டி அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலனா தீவில் துருப்பிடித்துக் கிடந்ததை மீட்டு, சரி பண்ணி, 2019-ல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கே திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எங்கள் நாலு பேர் வாட்ஸப் குரூப்பில் தூக்கமே இல்லை.)

வித்துராவில் ஒரு பட்டறை. அங்கே ஒரு ஆசான். மலையாளி, எங்களோடு பேசும்போது தமிழ் மாதிரி ஒன்று பேசுவார். ஞாயிற்றுக்கிழமை இடம் கொடுப்பார், ஸ்பானர் கொடுப்பார், கூலி வாங்கமாட்டார். வேலை மட்டும் நாங்களே செய்ய வேண்டும்.

செய்தோம். எஞ்சின் ஜாம். பிளக்கைக் கழற்றி நாலு ஓட்டையிலும் மண்ணெண்ணெயும் ஆயிலும் ஊற்றி ஒரு வாரம் ஊறப்போட்டு, கிராங்க் ராடைப் போட்டு ஆளுக்கு ஆள் தொங்கினோம். எட்டாம் நாள் 'களுக்'கென்று கால் சுற்று நகர்ந்தது. கோயில் தேர் நகர்ந்த மாதிரி கத்தினோம். தரைத் தகடு அரித்துப் போயிருந்தது, தார் டின்னை வெட்டி விரித்து வெல்டு வைத்தோம். ஸ்பிரிங் பட்டைகளைக் கொல்லன் உலையில் காய்ச்சி வளைத்தோம். டயர் நாலும் செகண்ட் ஹேண்ட். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, கை நகமெல்லாம் போச்சு. ஒவ்வொரு ஞாயிறு ராத்திரியும் நோட்டில் வரவு, செலவு, இருப்பு. ஒரு ரூபாய் ஆணிக்கும் வரி உண்டு. "இவன் எழுதினா அப்பீலே இல்லை" என்பான் லயத்துக்காரன்.

கடைசியாக மிச்சமிருந்தது பிரேக். அதைப் பற்றி ஒரு நிமிஷம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் என்கிற ஒரு பம்பு பிரேக் ஆயிலைக் குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் தள்ளும். ஒவ்வொரு சக்கரத்திலும் கட்டைவிரல் தடிமனில் ஒரு குட்டி சிலிண்டர். அதற்குள் இரண்டு ரப்பர் கப். ஆயில் வந்து அந்தக் கப்புகளைத் தள்ள, பிரேக் ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும். இப்போதைய கார்களில் இந்தக் குழாய் இரண்டு தனித்தனி வழியாக இருக்கும், ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். அமெரிக்காவில் 1968-ல் இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். எங்கள் ஜீப்பு அதற்கு முந்தைய டிசைன். நாலுக்கும் ஒரே வழி. எட்டுக் கப்பில் ஒன்று கசிந்தாலும் நாலு பிரேக்கும் போச்சு.

ஆசான் சொல்லியிருந்தார்: "மக்களே, ஓடாத வண்டி வீட்டில கிடக்கும். நிக்காத வண்டின்னா நீங்க கிடப்பீங்க. இதில மட்டும் ஒரிஜினல் சாமான்."

பழைய வண்டிச் சாமான் என்றால் கோயம்புத்தூர் உக்கடம். ரயிலேறிப் போனது நான் ஒருத்தன்தான். கணக்குப்பிள்ளை இல்லையா, காசு என் கையில்தானே. லிஸ்ட்டில் இருந்த பிரேக் ஹோஸ், லைனிங் எல்லாம் வாங்கினேன். வீல் சிலிண்டர் கிட்டுக்கு வந்தபோது கடைக்காரர் இரண்டு வைத்தார். ஒன்று கம்பெனி அட்டைப்பெட்டியில், நாலு சக்கரத்துக்கும் சேர்த்து 470. இன்னொன்று பெயரில்லாத பிளாஸ்டிக் கவரில், 90. "பார்க்க ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்றார். உண்மைதான், பார்க்க ஒன்றுதான்.

அந்த வாரம் பேங்க் கிளார்க் வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி வாரம். பி.எஸ்.ஆர்.பி. என்று ஒரு தேர்வு வாரியம் இருந்ததே, 2001-ல் மூடிவிட்டார்களே, அதுதான். டிமாண்ட் டிராஃப்டு, போட்டோ, கைடு புத்தகம், இன்னும் சில்லறைச் செலவு. அப்பாவிடம் கேட்க முடியாத மாதம் அது. 470-ல் 90 போனால் 380. திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்பதை வேலைக்கு வந்த பிறகு பல கேஸ் ஃபைல்களில் படித்திருக்கிறேன்.

நோட்டில் எழுதினேன்: "வீல் சிலிண்டர் கிட் - 4 - ரூ. 470".

ஆசான் கப்புகளைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "ஒரிஜினல் தானேடா?"

"ஆமா ஆசானே."

"டப்பா எங்க?"

"ரயில்லயே கிழிச்சுப் போட்டுட்டேன்."

அவர் மாட்டினார். லயத்துச் சிநேகிதன் பெடலை மிதித்துக்கொடுத்தான்.

வண்டி ஸ்டார்ட் ஆன நாளைப் பற்றி எழுத எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. நல்ல நாள்தான். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. லயத்தில் ஒரு பிரசவ வலியை ராத்திரியில் வித்துரா ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுபோனோம். அந்தக் கப்புகளோடுதான் போனோம் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் புரட்டும்.

2000, மழை விட்ட ஒரு ஞாயிறு. பொன்முடிக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியது பாலிடெக்னிக்காரன், நிதானமான ஆள். செகண்ட் கியரில்தான் இறக்கினான். பாதி வளைவு தாண்டியிருக்கும். "பெடல் கீழ போகுதுடா" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டு தடவை பம்ப் பண்ணினான், ஒன்றும் இல்லை. அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுழலும் ஷாஃப்டைப் பிடிக்கும். அதை இழுத்துக்கொண்டே ஃபர்ஸ்ட் கியருக்குத் திணித்து, பள்ளப் பக்கம் விடாமல் மலைப் பக்கம் சாய்த்து, மண்திட்டில் ஏற்றிவிட்டான். வண்டி ஒரு பக்கமாகப் படுத்தது.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. ஓட்டியவனுக்கு உதட்டில் இரண்டு தையல். பிசிக்ஸுக்குக் கண்ணாடி போச்சு. பின்னால் நின்றுகொண்டு வந்த லயத்துச் சிநேகிதனுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

அவன் ராணுவத்தில் சேர ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தான். பால்வெட்டு முடிந்ததும் கல்லாற்றுப் பாலம்வரை தினமும் ஓட்டம். உடல் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கட்டுப் பிரிக்கவே ஆறு வாரம். அடுத்த ஆள்சேர்ப்பு வருவதற்குள் அவனுக்கு 21 முடிந்துவிட்டது. அப்போதெல்லாம் அந்த வயதுக்கு மேல் சிப்பாய் வேலைக்கு எடுத்ததில்லை.

டிரம்மைக் கழற்றிய ஆசான் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பின் சக்கரக் கப்பு ஆயிலில் ஊறி, பழைய பஞ்சு மாதிரி உப்பி, ஓரம் கிழிந்திருந்தது. மட்டமான ரப்பருக்குப் பிரேக் ஆயில் ஆகாது. "கம்பெனிச் சாமானே இப்பல்லாம் இப்படி வருது, என்ன செய்ய" என்று சொல்லித் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஜீப்பை 9,000-க்கு விற்றோம். நாலாகப் பிரித்தோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரவும் செலவும் டேலி ஆனது. பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள், ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று. அந்தப் பரீட்சையில் அதைத்தான் பத்து மார்க்குக்கு எழுதினேன்.

பேங்க் பரீட்சை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அதில் பாஸாகவில்லை. வேறொரு பரீட்சையில் வந்து, அப்புறம் இங்கே வந்து, இன்றைக்குப் பிறர் கொண்டுவரும் பில்லையும் வவுச்சரையும் சரிபார்ப்பதுதான் எனக்குச் சம்பளம். ஒரிஜினல் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் பாஸ் பண்ணமாட்டேன். ஆபீஸில் என்னை ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்பார்கள். இங்கே ஜெபல் அக்தர் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், பிர்கத் அல் மௌஸ் தாண்டியதும் போலீஸ் நிறுத்தி நாலு சக்கர டிரைவ் வண்டியா என்று பார்த்துத்தான் மேலே விடுவார்கள். இறங்கும் வழியில் பிரேக் போனால் வண்டியை ஏற்றி நிறுத்தச் சரளைக்கல் கொட்டிய மேடுகள் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த மேட்டைத் தாண்டும்போது தங்கமணி கேட்பாள், "ஏன் இப்படி ஸ்டியரிங்கை நெரிக்கிறீங்க?" இருபது வருஷத்தில் அவளுக்கும் சொன்னதில்லை.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பெண்ணுக்குப் பதில் எழுதினேன். "லைட் பட்டை, பாட்டுப்பெட்டி வெட்டு. பிரேக்கை முதல் வரிக்குக் கொண்டுவா. 2007-லிருந்து நடக்கிற பாஹா போட்டி பற்றி உனக்கே தெரியும், மாணவர்கள் செய்த வண்டி நாலு சக்கரமும் ஒன்றாகப் பூட்டி நிற்கவில்லை என்றால் போட்டிக்குள்ளேயே விடமாட்டார்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதுசு, பில்லோடு. அந்தச் செலவு மாமாவுடையது."

அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். முடியவில்லை. பிள்ளைக்குப் பில் கேட்கிறவன் அப்பாவுக்குக் காட்டாத பில் ஒன்று இருக்கிறதே.

அன்றைக்கு ராத்திரி அவனைக் கூப்பிட்டேன். வித்துராவில் பட்டறையை மூடிக்கொண்டிருந்தான். ஆமாம், அவன் ஆசானிடமே வேலை கற்று, இப்போது அவனே பட்டறை வைத்திருக்கிறான். வலது கையில் ஸ்பானரை முழுசாகத் திருப்ப முடியாது, இடது கையில் திருப்புவான். உக்கடம், 90, 470, கிழித்துப் போட்டதாகச் சொன்ன டப்பா எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. பின்னால் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு, முன்னூத்தி எண்பதா?"

"ஆமா மச்சான்."

"சரி. வைக்கிறேன்."

அவ்வளவுதான். பதினொரு நாள் ஒரு குட் மார்னிங்கூட இல்லை. அந்தப் பதினொரு நாளில்தான் தங்கமணியிடமும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவங்க அம்மா நம்ம கல்யாணத்துக்கு வந்து வளையல் போட்டாங்களே, அப்பவும் தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?"

பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண்ணிடமிருந்து திருத்திய ஷீட் வந்தது. முதல் வரி பிரேக். எட்டு உருப்படி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'பில் உண்டு' என்று ஒரு காலம். கடைசியில் வரவுப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: "மாமா - பழைய பாக்கி - 380. அப்பா எழுதச் சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டா சொல்லமாட்டேங்கிறாங்க."

நான் அவனுக்கு எழுதினேன், பத்து சதவீதக் கூட்டு வட்டி போட்டால் 25 வருஷத்தில் 4,117 வருகிறது, அதை அனுப்புகிறேன் என்று. ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. "வட்டி வேண்டாம். அசல் அனுப்பு. மத்ததை நேர்ல பேசணும். எப்ப வர்ற?"

டிக்கெட் போட்டுவிட்டேன். அவன் என்ன பேசுவான் என்று தெரியாது. திட்டினால் கேட்டுக்கொள்ளத்தான் போகிறேன். ஆசானும் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. அவரிடமும் அந்தக் கம்பெனிச் சாமான் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

பி.கு.: உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படிப் பழைய ஜீப்பு எடுக்கிறேன் என்று கிளம்பினால் தடுக்காதீர்கள், ஆனால் பேப்பரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். 50 வருஷம் தாண்டிய வண்டியை 2021-ல் வந்த விதிப்படி 'விண்டேஜ்' என்று பதியலாம், ஆனால் தினப்படி ஓட்ட முடியாது. கம்பெனி செய்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். பட்ஜெட் இடித்தால் பெயின்ட்டைத் தள்ளிப் போடுங்கள்.